எமகண்டத்தில் மாட்டிய பதினான்கு குணசேகரன்கள்

எதையும் ஒரு முறை சரிபார்ப்பவர்களுக்குச் சின்ன அவமானங்கள் வரும். இரண்டு முறை சரிபார்ப்பவர்களுக்கு எப்போதாவது ஒன்றுதான் வரும்; ஆனால் அது மண்டபம் நிறைய ஆட்களை உட்கார வைத்து, ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும். நான் இரண்டாவது வகை. கேஸ் சிலிண்டர் மாற்றிய நேரத்தைக்கூட நாட்குறிப்பில் எழுதி வைக்கிறவள். ஆகவே கீழே வரும் நேரங்கள் எல்லாம் துல்லியமானவை. என் மானம் போனது ஒரு வியாழக்கிழமை காலை 11.44-க்கு.

இது நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது விழுப்புரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு இணையதளங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கியிருந்தேன். என் வீட்டுக்காரர் குணசேகரன் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. நல்ல மனிதர்தான். ஆனால் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது வேலை என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கையில் இருக்கும் இந்த ஒரு வேலை நல்லபடியாக முடிந்தால் நான் வீட்டிலிருந்தே தொழிலைத் தொடரலாம். சொதப்பினால் ஜூன் மாதம் பக்கத்துப் பள்ளியில் கணினி ஆசிரியையாகச் சேர்ந்துவிட வேண்டும். (பள்ளி வேலை மோசமில்லை. ஆனால் கணினி அறையின் சாவி தலைமையாசிரியரிடமும், தலைமையாசிரியர் எப்போதும் கூட்டத்திலும் இருப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.)

அந்த ஒரு வேலை, திண்டிவனத்தில் ஆதிலட்சுமி அம்மாள் நடத்திய திருமணத் தகவல் மையத்துக்கு இணையதளம் அமைப்பது. அம்மாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஜாதகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்து ஊருக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுத்தவர். மகன் பாஸ்கருக்கு மட்டும் முப்பத்து நான்கு வயதாகியும் எதுவும் அமையவில்லை. தளத்தில் முதல் வரனாக பாஸ்கரின் பெயர்தான் ஏற வேண்டும், மொத்தத் தளமும் அதற்காகத்தான் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் தன் நிபந்தனையைச் சொன்னார். "ராகு காலத்துலயும் எமகண்டத்துலயும் ஒரு வரன்கூட அதுல ஏறக் கூடாது வசந்தி. நான் மறந்து தட்டினாலும் அது வாங்கிக்கக் கூடாது. செய்ய முடியுமா, முடியாதா?"

முடியும் என்றேன். முடியாது என்று சொல்லிப் பழகாத வயது.

உண்மையில் அது முடிகிற காரியம்தான். தளத்தை நிர்வகிக்கும் மென்பொருளை யாரோ முன்பே எழுதி வைத்திருப்பார்கள். அதன் உள்ளே கை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த புதுப்பிப்பில் நாம் செய்தது எல்லாம் போய்விடும். அதற்குப் பதிலாக மென்பொருள் நமக்கு ஒரு மரியாதை செய்கிறது. ஒவ்வொரு காரியத்துக்கு முன்பும் பின்பும் அது ஒரு கணம் நின்று, 'பதிவைச் சேமிக்கப் போகிறேன், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்கும். சம்பந்தம் பேசி முடித்து, தட்டு மாற்றும் முன் சபையைப் பார்த்துக் கேட்பார்களே, அது போல. அப்படிக் கேட்கும் இடத்துக்கு 'ஹூக்' என்று பெயர். நாம் தனியாக ஒரு சிறு நிரலை, அதாவது மாட்யூலை, எழுதி, அந்த ஹூக்கில் மாட்டி வைத்தால் சபையில் எழுந்து நிற்கும் தாய்மாமன் போல அது தன் ஆட்சேபணையைச் சொல்லும்.

நான் எழுதிய தாய்மாமன் மிகக் கறாரானவன். சேமிக்கும் முன் கிழமையையும் நேரத்தையும் பார்ப்பான். கெட்ட நேரமாக இருந்தால் பதிவை வெளியிடாமல் காத்திருப்பில் வைத்துவிட்டு, திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிப்பான். அடுத்து நல்ல நேரத்தில் ஏதாவது ஒரு பதிவு வெளியாகும்போது, காத்திருப்பில் உள்ளவற்றையும் சேர்த்து, வந்த வரிசைப்படி வரன் எண் கொடுத்து வெளியிடுவான். முதலில் வந்தவருக்கு முதல் எண். வரிசை என்றால் எனக்கு உயிர்.

சோதனையிலும் குறை வைக்கவில்லை. நல்ல நேரத்தில் பதிவு வெளியாகிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிட்டு அந்தப் பதிவுகளை அழித்தேன். அடுத்த ஒரு வாரம் முழுவதும், மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்கிறதா என்பதை மட்டும் சோதித்தேன். ஏழு கிழமை, தினமும் ஒரு ராகு காலம், ஒரு எமகண்டம். ஆகப் பதினான்கு சோதனைகள். வியாழக்கிழமை எமகண்டம் காலை ஆறு மணிக்கே தொடங்கும் என்பதால் அன்று பால் வாங்கக்கூடப் போகாமல் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

சோதனைக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டுமே? மடிக்கணினியில் சரியான அளவில் இருந்த ஒரே ஆண் புகைப்படம் என் வீட்டுக்காரருடையது. ஆகவே பதினான்கு முறையும் அவரையே மாப்பிள்ளையாக்கினேன். பெயர், வேலை, கைபேசி எண் எல்லாம் அசல். 'குணநலன்', 'எதிர்பார்ப்பு' என்ற கட்டங்களில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விவரம் எழுதினேன். ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது சோதனையே ஆகாது என்பது என் கொள்கை. (அந்தந்த வேளையில் அவர்மேல் எனக்கு என்ன தோன்றியதோ அதை எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாட்குறிப்பு எழுதுகிறவளின் கை சும்மா இருக்காது.)

பதினான்கையும் மாட்யூல் மறுத்தது. பதினான்குக்கும் நேராக டிக் போட்டேன். காத்திருப்பில் இருப்பவை வரன் பட்டியலில் தெரியாது. கண்ணில் படாததை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தளத்தை அப்படியே மூட்டை கட்டி, வாடகைக்கு எடுத்த சர்வரில் ஏற்றினேன்.

அங்கே ஒரு முறை சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குத் தயாராகவும் இருந்தேன். ஆனால் ஆதிலட்சுமி அம்மாள் தொலைபேசியில் தடுத்துவிட்டார். வியாழக்கிழமை 10.45-லிருந்து 11.45 வரை நல்ல நேரம். முதல் தட்டு அப்போதுதான், அதுவும் சிறப்பு விருந்தினர் கையால்தான். அதற்கு முன் அந்தத் தளத்தில் ஒரு எழுத்துகூட ஏறக் கூடாது. புது வீட்டில் பால் காய்ச்சும் முன் யாராவது அடுப்பு எரிகிறதா என்று கஞ்சி வைத்துப் பார்ப்பார்களா என்று கேட்டார். எனக்கும் நியாயமாகவே பட்டது.

வியாழக்கிழமை. திண்டிவனத்தில் ஒரு சிறிய மண்டபம். மடிக்கணினியின் நான்கு மூலைகளிலும் சந்தனம், குங்குமம். (அந்தச் சந்தனத்தில் கொஞ்சம் இன்றும் அந்தப் பழைய விசைப்பலகையின் இடுக்கில் இருக்கிறது.) பின்னால் பெரிய திரை, புரொஜக்டர். நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பெண்ணும் பிள்ளையும் வைத்திருப்பவர்கள். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர், விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆறு வயது மகள் யாழினியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இனி ஜூனில் எனக்கு என்ன வேலை என்பதை அவர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

மணி 10.45 ஆயிற்று. சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் பெயர் சபாபதி, ஓய்வுபெற்ற தாசில்தார். அன்று முகூர்த்த நாள். அவருக்கு அன்று மூன்று கல்யாணம். மூன்றிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார், இல்லாவிட்டால் அவர்கள் மனம் கோணும் என்று செய்தி வந்தது. ஆதிலட்சுமி அம்மாள் கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 11.31-க்கு வந்து சேர்ந்தார் சபாபதி. மாலை, சால்வை, விளக்கு எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பாஸ்கரின் விவரங்கள் திரையில் தயாராக இருந்தன. 11.36-க்கு அவர் விரலை உயர்த்தி எல்லோருக்கும் காட்டிவிட்டு, 'வெளியிடு' பொத்தானை அழுத்தினார்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து:

இது எமகண்டம். இந்த வேளையில் வரன் வெளியிடப்பட மாட்டாது.

வாசகம் என்னுடையதுதான். எழுதியபோது கம்பீரமாக இருந்தது.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. பாஸ்கர் தன் புகைப்படத்துக்குக் கீழே எமகண்டம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அன்றுதான் முடிவெட்டியிருந்தார். சபாபதி திரையில் எது வந்தாலும் படிக்க வேண்டும் என்ற அலுவலகப் பழக்கத்தில், அதை ஒலிபெருக்கியில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

யாரோ சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். வியாழன், எமகண்டம் ஆறிலிருந்து ஏழரை. அது முடிந்து நான்கு மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் சபை இரண்டாகப் பிரிந்தது. காலண்டரை நம்புகிறவர்கள் ஒரு பக்கம். கம்ப்யூட்டர் சும்மா சொல்லாது என்பவர்கள் மறு பக்கம்.

"நாம வாக்கியப் பஞ்சாங்கம் பாக்குறோம். அது திருக்கணிதம் பாக்குது போல" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"எந்தப் பஞ்சாங்கத்துலயா வியாழக்கெழம பன்னெண்டு மணிக்கு எமகண்டம் வருது? இன்னா சொல்லிக்கினு கீற நீ?" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

ஆதிலட்சுமி அம்மாள் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. முப்பது ஆண்டு தலைமையாசிரியையாக இருந்தவர், அவசியமில்லை. "எட்டு நிமிஷம் இருக்குது வசந்தி. பாஸ்கர் பேரு இப்ப ஏறலேன்னா அப்பறம் எப்பவும் ஏற வேணாம்" என்றார்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் கோபமில்லை, கேலியுமில்லை. இரக்கம் இருந்தது. ஜூன் மாதமும் கணினி அறைச் சாவியும் என் கண்முன் வந்து போயின. அந்த இரக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. இந்த இடத்தை விட்டு எழுந்தால் பெயரை ஏற்றிவிட்டுத்தான் எழுவேன் என்று, மேடையில் போட்டிருந்த அலங்கார நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

புரொஜக்டர் இணைப்பை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே நான் திறந்த ஒவ்வொன்றையும் சபை முழுவதும் பார்த்தது. பார்க்க முடியாதவர்களுக்காகச் சபாபதி வாசித்தார். "இஃப்... எமகண்டம்... ரிட்டர்ன் ஃபால்ஸ். ஏம்மா, இங்க ஃபால்ஸ்னு போட்டுக்கிது. சரிதானா அது?"

சரிதான் ஐயா என்றேன்.

மாட்யூல் எந்தப் பதிவை மறுத்தாலும் அதன் கிழமையையும் நேரத்தையும் ஒரு குறிப்பில் எழுதும்படி செய்திருந்தேன். (அதற்கும் ஒரு நாட்குறிப்பு.) திறந்தேன். கடைசி வரி: வியாழன், 06.06.

மணி 11.39. என் தாய்மாமன் மணி ஆறு என்கிறான்.

ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. என் மடிக்கணினி விழுப்புரத்தில் இருந்தது, விழுப்புரத்து நேரம் பார்த்தது. வாடகை சர்வரோ எந்த நாட்டில் இருந்ததோ, நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கடிகாரப்படி அப்போதுதான் எமகண்டம் தொடங்கி ஆறு நிமிடம் ஆகியிருந்தது. அவன் கடமையில் தவறவில்லை. ஊர்தான் வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை உண்மையான ராகு காலத்தில் தட்டியிருந்தால் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்திருப்பான்.

ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: நேரத்தை இந்திய நேரப்படி பார். எழுதினேன். சபாபதி அதையும் வாசித்தார். கோப்பைச் சர்வருக்கு ஏற்றத் தொடங்கினேன். டேட்டா கார்டின் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. "ஜல்தியா ஆவட்டும்மா" என்றார் யாரோ பின்னாலிருந்து. ஆதிலட்சுமி அம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று, தேர்வு அறையில் மணி சொல்வது போல, "அஞ்சு நிமிஷம்... நாலு நிமிஷம்..." என்றார். நான் ஓர் எழுத்துப் பிழைகூட விடவில்லை. அந்த எட்டு நிமிடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் மரியாதை வருகிறது. அதற்கு அடுத்த நிமிடத்தை நினைத்தால் போய்விடுகிறது.

11.43-க்கு கோப்பு ஏறியது. சிவப்பு எழுத்தை மூடிவிட்டு, அதன் பின்னால் திறந்தபடியே இருந்த பாஸ்கரின் பதிவைச் சபாபதியின் முன் வைத்தேன். 11.44-க்கு அவர் இரண்டாம் முறை அழுத்தினார். எமகண்டம் வரவில்லை. மண்டபம் கைதட்டியது. வரன் பட்டியல் திரையில் விரிந்தது.

வரன் எண் 1: குணசேகரன், விழுப்புரம், ரயில்வே.
வரன் எண் 2: குணசேகரன், விழுப்புரம், ரயில்வே.
வரன் எண் 3: குணசேகரன்...

திரையில் என் வீட்டுக்காரர் பதினான்கு முறை சிரித்தார். எல்லாம் ஒரே சிரிப்பு. ஒரு வாரம் காத்திருப்பில் கிடந்தவர்கள், நான் கற்றுக்கொடுத்தபடியே, வந்த வரிசையில் எண் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். பாஸ்கர் கடைசியில், வரன் எண் 15.

கைதட்டல் அடங்கும் முன் சபாபதி வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

"எண் ஒன்று. குணநலன்: பொறுமைசாலி, சிரித்த முகம். நல்லது. எண் மூன்று, செவ்வாய்க்கிழமைப் பதிவு. பொறுமைசாலி என்று முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்ளவும். எண் ஆறு. எதிர்பார்ப்பு: சாம்பாரில் முருங்கைக்காய். இல்லாவிட்டால் பேச மாட்டார். எண் ஏழு. சரக்கு ரயில் போகும்போதும் தனியாகக் கேட்கும் குறட்டை. எண் ஒன்பது. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவார். எட்டு ஆண்டாகச் சொல்லியாகிவிட்டது." இங்கே நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யாரும்மா இந்த மாப்ள? இவ்ளோ உண்மையா எழுதிக்கிறாங்க?" என்றார்.

உடனே யாழினி மடியிலிருந்து எழுந்து நின்று, திரையைக் காட்டி, "எங்க அப்பா" என்றாள்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் புரொஜக்டர் மேசை ஆடியது. பாஸ்கரும் சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். நான் மடிக்கணினியின் மேல்மூடியைப் பாதி மூடி அதன் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை. அதுவரை என் பெயரைக் காப்பாற்றிய பிடிவாதம், இப்போது நாற்காலியை விட்டு எழாமல் இருக்க மட்டும் உதவியது.

ஆதிலட்சுமி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "எத்தினி மணிக்கு ஏறுச்சு?" என்றார்.

"பதினொன்னு நாப்பத்தி நாலும்மா."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரத்துக்குள்ளதான். அப்ப சரி."

அவரும் நானும் ஒரே இனம் என்பதை அப்போது உணர்ந்தேன். ஆனால் பதினான்கையும் உடனே அழித்துவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பதிமூன்றை எடுக்கலாம், முதல் எண்ணை எடுக்கக் கூடாது. நல்ல நேரத்தில் முதலில் ஏறியதை இறக்கினால் பின்னால் வருவது எதுவும் நிற்காது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இருக்கட்டும் என்றார்.

"அம்மா, அது என் வூட்டுக்காரரும்மா."

"கல்யாணம் ஆனவரு மொதல்ல நிக்கிறாரு. வரன் தேட்றவங்களுக்கு இத விட நல்ல சகுனம் வேணுமா?" என்றார்.

(மூன்றாவது கல்யாணத்தில் சபாபதி சாப்பிடாமல் வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று என் நாத்தனார் இன்றும் சொல்வார். தவறு. அவர் 11.30-க்கு முன் அழுத்தியிருந்தால் எமகண்டம் வந்திருக்காது. குணசேகரன்கள் எப்படியும் வந்திருப்பார்கள். இதை நான் தாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.)

திரும்பும் பேருந்தில் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் யாழினி தூங்கிவிட்டாள். விக்கிரவாண்டி நெருங்கும்போது என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"செவ்வாக்கெழம நான் அப்பிடி இன்னாதான் பண்ணேன்?"

நாட்குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். விழுப்புரத்தில் இறங்குமுன் தீர்ப்பைச் சொன்னார்.

"நீ ஸ்கூலுக்கெல்லாம் போவாத. போனா இதெல்லாம் போர்டுல எழுதிக்கினு இருப்ப. வூட்லயே வேல பாரு."

ஆக, ஜூன் மாதம் நான் பள்ளிக்குப் போகவில்லை. ஆதிலட்சுமி அம்மாள் சொல்லி மேலும் இரண்டு தளங்கள் வந்தன. பாஸ்கருக்கு ஐப்பசியில் கல்யாணம் ஆயிற்று. பெண் வீட்டார் அன்று மண்டபத்தில் இருந்தவர்கள். வரிசையில் தனக்கு முன்னால் பதினான்கு பேர் நின்றும் கோபப்படாமல் சிரித்த பையன் என்று பிடித்துப் போனதாம். நாற்பத்தெட்டு நாளும் வரன் எண் 1-க்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. 'இவருக்குத் திருமணம் ஆகிவிட்டது' என்று அந்தப் பதிவின் கீழ் தானாகச் சேர்க்க இன்னொரு ஹூக் எழுதினேன். அதன் பிறகு, முதல் சம்சாரத்துக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து அழைப்புகள் வந்தன. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு அழைப்பையும் எடுத்து, மரியாதையாகப் பேசி, ராசி நட்சத்திரம் எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் 'வூட்ல கேட்டு சொல்றேங்க' என்று வைப்பார். என்னைப் பார்த்துக்கொண்டே வைப்பார்.

இப்போது யாழினி கல்லூரியில் படிக்கிறாள். நானும் சோதனைக்கு என் பெயரைத் தவிர வேறு யார் பெயரையும் போடுவதில்லை. ஆனால் அந்தப் பதினான்கு பேர் வீட்டை விட்டுப் போகவில்லை. அப்பா கோபமாக இருந்தால் மூன்று, சாப்பாட்டில் குறை சொன்னால் ஆறு என்று யாழினி எண் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை படுக்கை அறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"அம்மா, ஏழு வந்துட்டாரு. கட்டிலெல்லாம் ஈரம்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஏழு குறட்டை. ஈரத் துண்டு ஒன்பது, வெள்ளிக்கிழமை ராகு காலம். அவளைத் திருத்தினேன்.

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்று துண்டோடு கொடிப்பக்கம் போனார் வரன் எண் ஒன்று.